‘டிசைட்’டா, ‘கன்சிட’ரா? போருக்கு முன் ஒரு வினைச்சொல்

‘இன்னும் டிசைட் பண்ணல’ன்னு நாம ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்றோம்? அந்தச் சொல்லோட லத்தீன் வேருக்கு ‘வெட்டி விடுவது’ன்னு பொருள். மற்ற வழிகளை வெட்டிவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது. ‘கன்சிடர்’ அப்படி இல்லை. யோசிச்சுப் பார்க்கிறது, அவ்வளவுதான். இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு போர் வந்து நின்ன கதைதான் இன்னைக்கு.

2002 நவம்பர் 8. ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் 1441-ஆம் தீர்மானம், 15 ஓட்டும் ஆதரவாக. ஆயுதங்களைக் கைவிட இராக்குக்குக் கடைசி வாய்ப்பு. இராக் ஒத்துழைக்கலைன்னா என்ன? 12-ஆவது பத்தி ‘டிசைட்ஸ்’ என்றுதான் தொடங்குது. ஆனா ‘டிசைட்’டுக்குப் பின்னால் எந்த வினை வருதுன்னு பார்க்கணும். கவுன்சில் எடுத்த முடிவு, உடனே கூடுவது. எதுக்காகக் கூடணும்? நிலைமையை ‘கன்சிடர்’ பண்ண. அடுத்து என்ன செய்யணும்னு ‘டிசைட்’ பண்ண என்று அதில் இல்லை.

இங்கேதான் வாசிப்பு இரண்டாகப் பிரிந்தது. கூடிப் பேசினாலே போதும், 1990-ல் தந்த பழைய அனுமதி மறுபடி உயிர் பெறும் என்றது ஒரு தரப்பு. முடிவு எடுக்காத கூட்டம் எதுக்கு, போருக்குப் புதிய முடிவு வேண்டும் என்றது இன்னொரு தரப்பு.

பிரிட்டன் அட்டர்னி ஜெனரல் கோல்ட்ஸ்மித், 2003 ஜனவரி வரைவில் புதிய முடிவு தேவை என்றே எழுதினார். மார்ச் 7 ஆலோசனையில், இன்னொரு தீர்மானம் வாங்குவதே பாதுகாப்பான வழி, ஆனாலும் 1441-ஐ வைத்தே வாதாட இடம் இருக்கு என்றார். மார்ச் 17-ல் நாடாளுமன்றத்துக்குப் போன சுருக்கமான பதிலில் அந்தத் தயக்கம் எதுவும் இல்லை. அடுத்த நாள் 412-க்கு 149 என்று போருக்கு ஒப்புதல். மார்ச் 20-ல் படையெடுப்பு தொடங்கிடுச்சு.

வெளியுறவு அலுவலகத்தின் துணைச் சட்ட ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் இதை ஏற்க முடியாமல் வேலையையே விட்டார். 2016-ல் வந்த சில்காட் அறிக்கை, போருக்குச் சட்ட ஆதாரம் உண்டு என்று முடிவுசெய்த விதம் கொஞ்சமும் திருப்தியாக இல்லை என்றது.

அந்தப் பத்தியில் ‘டிசைட்’ங்கிற சொல் இல்லாமல் இல்லை. முதல் சொல்லே அதுதான். கூட்டம் போட முடிவெடுத்தாங்க. போரைப் பற்றிய முடிவை மட்டும் எழுதாமல் விட்டுட்டாங்க.