நம் பக்கத்துக் கல்லில் இருக்கும் மாலிப்டினம்



"அரூர் பக்கம் மாலிப்டினம் இருக்கிறதாமே, அது என்ன சார்? நம்ம நிலத்தை எடுத்துக்குவாங்களா?" என்று பழைய மாணவர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கொரு பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பெயர்க் கதை. 'மாலிப்டோஸ்' என்றால் கிரேக்க மொழியில் ஈயம். பழைய காலத்தில் ஈயத் தாது, பென்சில் கரி எனப்படும் கிராஃபைட், மாலிப்டினைட் மூன்றும் ஒன்று என்றே நினைத்தார்கள். மூன்றும் சாம்பல் நிறத்தில் மின்னும். 1778-இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஷீலே, மாலிப்டினைட் ஈயமும் இல்லை, கிராஃபைட்டும் இல்லை என்று நிரூபித்தார். 1781-இல் அவருடைய நண்பர் யெல்ம் அதிலிருந்து உலோகத்தைப் பிரித்தார். ஈயமே இல்லாத பொருளுக்கு ஈயத்தின் பெயர் நிலைத்துவிட்டது.

நான் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளியில் பிள்ளைகள் இப்படி மினுக்கும் கற்களை 'வெள்ளி' என்று சொல்லிக் கொண்டுவருவார்கள். மெருகிட்ட ஓட்டில் தேய்த்துப் பார்க்கச் சொல்வேன். கிராஃபைட் கறுப்பாக எழுதும். மாலிப்டினைட் கோட்டில் லேசாகப் பச்சை தட்டும். கையில் எடுத்தால் கிராஃபைட்டைவிட இரண்டு மடங்கு கனம். ஆனால் நகத்தால் கீறிவிடலாம், அவ்வளவு மெது. மாலிப்டினமும் கந்தகமும் மெல்லிய ஏடுகளாக அடுக்கியிருப்பதால் அப்படி வழுக்கும்.

இது நம் பகுதிக்கு எப்படி வந்தது? அரூரிலிருந்து ஊத்தங்கரை வரை வடகிழக்கு நோக்கிப் போகும் ஒரு பட்டையில் பழைய பாறைகள் ஆழத்தில் நசுங்கி விரிசல் விட்டிருக்கின்றன. பூமிக்கடியிலிருந்து சூடான நீர் கரைசலாக அந்த விரிசல்களில் ஏறி, ஆறும்போது தான் சுமந்து வந்ததை அங்கேயே விட்டுப்போனது. காட்டில் வெள்ளைக் கோடாக ஓடுகிறதே வெங்கச்சங்கல், அதுதான் அந்த வழித்தடம். அதற்குள்ளும் ஓரங்களிலும் மாலிப்டினைட் செதில் செதிலாக ஒட்டியிருக்கிறது. கூடவே கந்தகமும் இரும்பும் சேர்ந்த பைரைட்டும் உண்டு. இந்தப் பெயரை மனதில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் இந்தப் பட்டையில் துளையிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மாலிப்டினம் இருப்பது உறுதி. ஆனால் ஒரு டன் கல்லை உடைத்தால் கிடைக்கும் உலோகம் சராசரியாக ஒரு கிலோகூட இல்லை. அதனால்தான் இத்தனை ஆண்டுகளாகச் சுரங்கம் வரவில்லை.

இப்போது ஏன் பேச்சு எழுகிறது? எஃகில் கொஞ்சம் மாலிப்டினம் கலந்தால் சூட்டிலும் தளராது, துருவும் எளிதில் பிடிக்காது. இந்த உலோகம் உருக 2,600 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். இந்தியா தனக்கு வேண்டியதை வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறது. 2023 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் மாலிப்டினமும் உண்டு. அதே ஆண்டு நவம்பரில் ஏலத்துக்கு அறிவித்த முதல் 20 தொகுதிகளில் வேலம்பட்டி, மருதிப்பட்டி, நொச்சிப்பட்டி என்று நமக்குத் தெரிந்த பெயர்கள் இருந்தன.

சின்ன ஊர்க் கனிமம்தானே என்று நினைக்கக் கூடாது. நார்வே நாட்டில் க்னாபென் என்றொரு மலையூர். அங்கும் கல்லில் மாலிப்டினம் குறைவுதான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி நார்வேயைப் பிடித்த பிறகு அதன் எஃகுக்கு அந்தச் சுரங்கம் தேவைப்பட்டது. 1943 மார்ச் 3-ஆம் தேதி பிரிட்டிஷ் விமானங்கள் வந்து குண்டு போட்டன. நவம்பரில் அமெரிக்க விமானங்கள் வந்தன. போரை அந்த ஊர்க்காரர்கள் கேட்கவில்லை. இறந்தவர்களில் அவர்களும் உண்டு. ஒரு ஊரின் கல்லுக்கு விலை வைப்பவர்கள் பெரும்பாலும் வெளியில்தான் இருக்கிறார்கள்.

நம் ஊரில் குண்டு விழப்போவதில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டன்னில் ஒரு கிலோ போனால் மீதி 999 கிலோ அரைத்த தூளாக இங்கேயே கிடக்கும். அதில் உள்ள பைரைட் காற்றும் மழையும் பட்டால் அமிலமாக மாறும். இன்னொன்று, மாலிப்டினம் அதிகமான புல்லை மேயும் மாடுகளுக்கு உடம்பில் தாமிரச் சத்து குறைந்து கழிச்சல் எடுக்கும், மயிர் வெளுக்கும். இங்கிலாந்தின் சாமர்செட் மேய்ச்சல் நிலங்களில் இதை 1930-களிலேயே கண்டுபிடித்தார்கள். பால் ஊற்றிப் பிழைக்கும் நம் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சுரங்கமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு உள்ளூரில் வேலை கிடைத்தால் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இத்தகைய சுரங்கத்துக்கு முன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தும் விதி 2025 வரை இருந்தது, முக்கியக் கனிமங்களுக்கு இப்போது அது கட்டாயம் இல்லை. எந்தக் கூட்டம் நடந்தாலும் கூச்சல் போடுவதற்கும் தலையாட்டுவதற்கும் மட்டும் போகாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். கழிவுத் தூளை எங்கே கொட்டுவீர்கள்? கிணற்றுத் தண்ணீரை யார், எத்தனை நாளைக்கொரு முறை சோதிப்பார்கள்? சுரங்கம் மூடிய பிறகு குழிக்கு யார் பொறுப்பு? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கிராமசபைக்குப் போகும் பெரியவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் வீட்டுக்குப் போன் செய்யும்போது சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்