வாசற்காசும் வழிச்செலவும்: பருத்தித்துறைப் பார்வையாளர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மாகாண அணிகளின் ஆட்டங்களுக்குக் கூட்டம் வருவதில்லை என்ற முறைப்பாடு எழும்போது ஆய்வாளர் முதலில் கைவைப்பது நுழைவுச்சீட்டின் விலையில்தான். நியூசிலாந்து மாகாண றகர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1976இல் தொடங்கிய அந்நாட்டு மாகாணத் தொடர், 1996இல் 'சூப்பர் 12' வந்ததும் நட்சத்திர வீரர்களை மேல்மட்டத்துக்குப் பறிகொடுத்தது. சீட்டு, வாகனத் தரிப்பிடம், சாப்பாடு என்று செலவு ஏறியது, தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தது, அரங்குகள் காலியாகின. இந்த விளக்கத்தை அப்படியே தூக்கி, பருத்தித்துறை அடங்கிய வடமராட்சியில் வைத்தால் பொருந்தாது. றகர் இலங்கையில் தோட்டத் துரைமாரோடும் கொழும்பு, கண்டிக் கல்லூரிகளோடும் வளர்ந்தது. பருத்தித்துறையில் அது வேர்விடவில்லை. உதைபந்தாட்டமும் துடுப்பாட்டமும் கரப்பந்தாட்டமும்தான் இங்கே அதன் இடத்தில் நிற்பவை. இந்த ஆட்டங்களில் வாசலில் வாங்கிய காசு ஒருபோதும் பெருந்தொகையாக இருந்ததில்லை. பெரும்பாலான மைதானங்களுக்கு வாசலே கிடையாது. அப்படியிருந்தும் கூட்டம் குறைந்தது. ஆகவே ஆட்டம் பார்ப்பதற்கான உண்மையான செலவு எங்கே இருந்தது, அதை எந்தக் காலத்தில் யார் தாங்கினார்கள் என்று கேட்பதே பயனுள்ளது.

கல்லூரிகளும் வாரண்டும்

பருத்தித்துறையில் ஆட்டம் பார்க்கும் வழக்கம் மிஷன் பள்ளிக்கூட முற்றங்களில் பிறந்தது. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல், ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகமத்தைத் தமிழாக்கிய அதே பேர்சிவல், 1838இல் இங்கு தொடக்கிய பாடசாலையே பின்னர் ஹாட்லிக் கல்லூரியானது. நகரப் பக்கத்தில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டம் 1904இல் தொடங்கியது. இன்று அதை 'வடக்கின் பெரும் சமர்' என்கிறோம். யாழ்ப்பாணக் கல்லூரியும் சம்பத்திரிசியார் கல்லூரியும் மோதும் 'பொன் அணிகளின் சமர்' 1917இல் ஆரம்பமானது.

இந்த ஆட்டங்களுக்குக் கூடிய சனத்தில் ஒரு முக்கியமான பகுதி ஊரில் வசிக்காத ஊரவர். கொழும்பிலும் தென்னிலங்கைக் கச்சேரிகளிலும் எழுதுவினைஞராக இருந்தவர்கள் லீவு போட்டுவிட்டு வந்தார்கள். வடக்கு ரயில்பாதை 1905இல் காங்கேசன்துறையைத் தொட்டது. பருத்தித்துறைக்குத் தண்டவாளம் வரவேயில்லை. வடமராட்சியார் கொடிகாமத்தில் இறங்கி பஸ் பிடிப்பார்கள். 1956 ஏப்ரலில் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியபோது இந்தப் பயணம் பகற்பொழுதுக்குள் அடங்கியது. அரசாங்க உத்தியோகத்தருக்கு ஆண்டுதோறும் இலவச ரயில் வாரண்ட் கிடைத்தது. இருநூற்றைம்பது மைல் கடந்து வந்து ஆட்டம் பார்த்தவருடைய வழிச்செலவின் பெரும்பகுதியை அரசே தாங்கியது என்பதே இதன் பொருள். விளையாட்டு வரலாறு எழுதுவோர் இந்த வாரண்டை ஏனோ கவனிப்பதில்லை. ஓட்ட எண்ணிக்கையையும் விக்கெற் எண்ணிக்கையையும் பட்டியலிடுவதில் இருக்கும் ஆர்வம், பார்க்க வந்தவர் எப்படி வந்தார் என்பதில் நமக்கு இருந்ததில்லை.

யாழ்தேவி வந்த அதே 1956இல்தான் தனிச்சிங்களச் சட்டமும் வந்தது. அரசாங்க உத்தியோகம் தமிழருக்குச் சுருங்கத் தொடங்கியது. 1958, 1977, 1983 வன்செயல்கள் தெற்கில் இருந்தவர்களை அடுத்தடுத்துப் பெயர்த்தன. வாரண்டில் வந்த அந்தப் பார்வையாளர் வகுப்பு ஒரு தலைமுறைக்குள் கரைந்தது.

வல்லை வெளிக்கு இப்பால்

யாழ்ப்பாண நகரம் பருத்தித்துறையிலிருந்து ஏறத்தாழ 33 கிலோமீற்றர். நடுவில் வல்லை வெளி. காற்றும் உப்பும் தவிர வேறொன்றும் இல்லாத அந்த வெட்டையைக் கடந்துதான் 750ஆம் இலக்க பஸ் போக வேண்டும். 1958 ஜனவரியில் பஸ் சேவை அரசுடைமையானபின் பருத்தித்துறைச் சாலையின் பஸ்களே நகரத்துக்கும் வடமராட்சிக்கும் இடையே ஆட்களைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தன. பின்னேரம் ஆட்டம் முடியும் நேரத்துக்கும் கடைசி பஸ்ஸுக்கும் இடையிலான இடைவெளியே, நகரத்து ஆட்டத்துக்குப் போவதா விடுவதா என்பதைத் தீர்மானித்தது.

அதனால் வடமராட்சி தனக்கென்று ஒரு ஆட்டக்களத்தை வளர்த்துக்கொண்டது. வதிரியில் மட்டும் டயமண்ட்ஸ், பொம்மர்ஸ் என்று இரண்டு பெயர்பெற்ற கழகங்கள், நவிண்டிலில் கலைமதி. பருத்தித்துறை, வடமராட்சி, மருதங்கேணி எனத் தனித்தனி உதைபந்தாட்ட லீக்குகள். இவ்வளவு சிறிய நிலப்பரப்புக்கு இத்தனை லீக்குகள் ஏன் என்று வெளியூரார் வியக்கலாம். தூரத்தைச் சுருக்கியதன் விளைவு அது. சைக்கிளில் கால்மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய வட்டத்துக்குள் போட்டி நடந்தால்தான் கோட்டோரம் நிறையும்.

இந்த மைதானங்களில் காசு வாங்குவது எவ்வளவு சிக்கலானது என்பதையும் பார்க்க வேண்டும். ரிக்கற் அடித்தால் உள்ளூராட்சி மன்றத்தில் கேளிக்கை வரி கட்டி முத்திரை பெற வேண்டும். ரிக்கற் இல்லாதவர் பார்க்காமலிருக்க மைதானத்தைச் சுற்றி மறைப்புக் கட்ட வேண்டும். அதற்குக் கிடுகோ படங்கோ தகரமோ வாடகைக்கு எடுக்க வேண்டும். மறைத்தாலும் பூவரச மரத்தில் ஏறுகிற பெடியனை என்ன செய்வது? ஒரு நாள் வசூல் அந்த மறைப்புச் செலவைத் தாண்டுவதே சந்தேகம். ஆகவே பெரும்பாலும் வாசல் திறந்தே இருந்தது. கழகத்துக்கு வேண்டிய பந்தும் சீருடையும் ஊர்க் கடைக்காரரின் அன்பளிப்பிலும் வீடுவீடாகச் சேர்த்த காசிலும் வந்தன. பார்க்க வருபவரும் காசு தருபவரும் ஒரே ஆட்களாக இருந்த காலம் அது. கூட்டம் வராவிட்டால் அடுத்த முறை நன்கொடைப் புத்தகத்தோடு அந்தப் படலையைத் தட்ட முடியாது. இந்தக் கணக்குத்தான் பார்வையாளருக்கு மதிப்பைக் கொடுத்தது என்பது என் கருத்து.

ஊரடங்கு

1979இன் அவசரகாலச் சட்டத்திலிருந்து போர் முடிந்த 2009 வரையான முப்பது ஆண்டுகளை ஒரே இருட்டாகக் காட்டுவது வழக்கம். ஆட்டம் பார்ப்பதைப் பொறுத்தவரை அது சரியல்ல. 1987 மே மாத இறுதியில் வடமராட்சியில் இராணுவம் தொடங்கிய 'ஒப்பரேசன் லிபரேசன்' நடவடிக்கை ஊர்களைக் காலியாக்கியது. 1990 ஜூனில் யாழ்தேவி நின்றது, மின்சாரம் நின்றது, பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. மின்கலத்துக்கும் தடை இருந்ததால் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். தொலைக்காட்சி பார்ப்பதென்றால் ஜெனறேற்றர் வாடகைக்குப் பிடிக்க வேண்டும். இந்த நிலையில் பின்னேரப் பொழுதுபோக்கு என்று மிஞ்சியது ஊர் மைதானம். வழிச்செலவு சைக்கிள் மிதிக்கிற வலுதான். மறுபக்கத்தில், நாலு பேர் கூடுகிற எந்த இடமும் குண்டுவீச்சு விமானத்தின் கண்ணில் படக்கூடிய இடம். அந்தக் காலக் கூட்டங்களை இன்று பெருமையாக நினைவுகூர்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்தது. தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் பள்ளிக்கூடங்கள் அகதி முகாம்களாயின. 1996இல் குடாநாடு முழுதும் இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபின் சோதனைச் சாவடியும் ஊரடங்கும் வாழ்க்கையின் கால அட்டவணையாகின. ஆட்டம் பார்ப்பதன் செலவு இப்போது ரூபாயில் அளக்கக்கூடியதல்ல. அடையாள அட்டை, வரிசை, பொழுதுபடுமுன் வீடு சேர வேண்டிய பதற்றம். 2002 பெப்ரவரிப் போர்நிறுத்தத்தின்பின் நாலு வருடம் மூச்சு விடக் கிடைத்தது. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டதும் அதுவும் போயிற்று.

இதற்குள் அடிப்படை எண்ணிக்கையே மாறிவிட்டது. யாழ். மாவட்டத்தின் சனத்தொகை 1981இல் 7 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. 2012 கணக்கெடுப்பில் அது 6 இலட்சத்துக்குக் கீழ். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் நாடாளுமன்ற ஆசனங்கள் 2010இல் ஒன்பது, 2015இல் ஏழு, 2024இல் ஆறு. கோட்டோரத்தில் ஆளில்லை என்று நோவதற்கு முன் ஊரில் ஆளில்லை என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். போனவர்களில் இளவயது ஆண்கள் நிறையப் பேர். எந்த ஊரிலும் உதைபந்தாட்டம் பார்க்க முதலில் வருகிறவர்கள் அவர்களே.

கொடையாளரும் கமராவும்

போருக்குப்பின் நடந்த மாற்றம் அதிகம் பேசப்படாதது. இன்று வடமராட்சியில் ஒரு சுற்றுப்போட்டி அறிவிக்கப்பட்டால் அது அநேகமாக யாரோ ஒருவரின் ஞாபகார்த்தக் கிண்ணம். ரொறன்ரோவிலோ லண்டனிலோ உள்ள பிள்ளைகள் தாய் தகப்பன் பேரில் பரிசுப் பணமும் கேடயமும் கொடுக்கிறார்கள். மின்னொளிக் கம்பங்களும் சீருடைகளும் பழைய மாணவர் சங்கக் கிளைகளின் காசில் வருகின்றன. கழகங்கள் உயிரோடு இருப்பதற்கு இதுதான் காரணம். இதைக் குறைசொல்வது நன்றிகெட்ட வேலை. ஆயினும் அதன் விளைவு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காசு தருபவர் கோட்டோரத்தில் நிற்பவராக இப்போது இல்லை. அவர் பேஸ்புக் நேரலையில் பார்க்கிறார். அவருக்குத் தேவை நல்ல கமராக் கோணமும், கொடையாளர் பெயரைப் பிழையின்றி வாசிக்கிற அறிவிப்பாளரும். ஆட்டம் இரவுக்குத் தள்ளப்படுகிறது. பிரமுகர் உரைகளால் ஒன்பது மணி ஆட்டம் பத்து மணிக்குத் தொடங்குகிறது. காத்திருக்கிற உள்ளூர்க்காரருக்கு இருக்கையோ மலசலகூடமோ இருக்கிறதா என்று கேட்க யாருக்கும் அவசியமில்லை, ஏனென்றால் அவர் வருவதாலோ வராததாலோ வரவுசெலவில் ஒரு சதம்கூட மாறாது. நியூசிலாந்தில் பார்வையாளரிடம் அதிகம் கேட்டு அவரை இழந்தார்கள். இங்கே அவரிடம் எதுவுமே கேட்காமல் இழந்தோம்.

பழைய கூட்டம் எங்கே போனது என்று தேடினால் அதன் ஒரு துண்டு லண்டனிலேயே கிடைக்கிறது. தமிழ்ப் பாடசாலைகள் விளையாட்டுச் சங்கம் அங்கே கோடையில் நடத்தும் விழாவில் ஹாட்லி, மகாஜனா, யூனியன் என்று கல்லூரிப் பெயரில் அணிகள் இறங்குகின்றன. கொத்துரொட்டிக் கடையும் குடும்பக் கூட்டமும் சேர்ந்து அது திருவிழாவாகவே நடக்கிறது.

ஊரிலும் கூட்டம் முற்றாக அற்றுப்போகவில்லை என்பதற்கு ஆண்டுத் தொடக்கத்தில் பாடசாலைகளில் நடக்கும் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளே சாட்சி. இல்ல அலங்காரம் பார்க்கவும் பழைய மாணவர் ஓட்டம் பார்த்துச் சிரிக்கவும் அம்மம்மா வரை வருகிறார்கள். உதைபந்தாட்டக் கோட்டோரத்தில் காணக்கிடைக்காத பெண்கள் இங்கே பாதிக்கு மேல். பகல்வேளை, நடை தூரம், சொந்தப் பிள்ளை, செலவு இல்லை. இந்த நான்கும் சேர்ந்தால் சனம் வருகிறது. வார இறுதிகளைத் தனியார் கல்வி நிலையங்கள் விழுங்கிவிட்ட இந்த நாளிலும் வருகிறது.

ஒன்றரை லீற்றர்

2022 பொருளாதார நெருக்கடி வழிச்செலவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2021 டிசம்பர் இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. 2022 ஜூன் இறுதியில் 470 ரூபா. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாண நகரத்துத் துரையப்பா விளையாட்டரங்குக்குப் போய்வர மோட்டார் சைக்கிளுக்கு ஒன்றரை லீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஆறே மாதத்தில் 265 ரூபாச் செலவு 705 ஆனது. ஓகஸ்டில் எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர். ஒரு ஆட்டத்துக்காக அதில் மூன்றிலொரு பங்குக்கு மேல் எரிப்பதென்றால் சந்தைக்கும் வேலைக்கும் மிச்சத்தில்தான் ஓட வேண்டும். இந்திய உதவியுடன் புதுப்பிக்கப்பட்டு 2016 ஜூனில் திறக்கப்பட்ட அரங்கில் ரிக்கற் இலவசமாக இருந்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறியிராது.

யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணியே இதற்கு உச்ச உதாரணம். லங்கா பிறீமியர் லீக் துடுப்பாட்டத் தொடரில் அது 'ஜஃப்னா ஸ்ராலியன்ஸ்' என்ற பெயரில் 2020இலும், 'ஜஃப்னா கிங்ஸ்' என்ற பெயரில் 2021, 2022, 2024இலும் கிண்ணம் வென்றது. நாலு கிண்ணங்களில் ஒன்றுக்கான ஆட்டம்கூட வடக்கில் நடக்கவில்லை. அம்பாந்தோட்டை, கொழும்பு, கண்டி, தம்புள்ளை என்றே மைதானங்கள் அமைந்தன. மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் அந்த அணிக்கு அறிமுகமானபோது குடாநாடே கொண்டாடியது, தொலைக்காட்சிக்கு முன்னால். கொழும்பில் போய்ப் பார்ப்பதென்றால் ஏறத்தாழ 430 கிலோமீற்றர் இரவு பஸ், தங்குமிடம், இரண்டு நாள் சம்பளம். அந்தக் கணக்கில் ரிக்கற் காசு கடைசி வரி.

2025 செப்ரெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு சனாதிபதி அனுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். 40,000 பேர் அமரக்கூடியதாகத் திட்டம். 2012 கணக்கெடுப்பின்படி பார்த்தால் மாவட்டத்தில் ஏறக்குறைய பதினைந்து பேருக்கு ஒருவர் வந்தால்தான் அது நிறையும். மண்டைதீவு நகரத்துக்கும் அப்பால், பண்ணைத் தாம்போதியைத் தாண்டி இருக்கிறது. இரவு ஆட்டம் பத்தரை மணிக்கு முன் முடியாது. அந்த நேரத்தில் பண்ணையிலிருந்து வல்லை வழியாகப் பருத்தித்துறைக்கும், கொடிகாமம் வழியாக மருதங்கேணிக்கும் விசேட பஸ் விடப்படுமா என்பது, எத்தனை ஆயிரம் இருக்கை என்பதைவிட முன்கூட்டித் தீர்க்கப்பட வேண்டிய விடயம். பகல் ஆட்டங்களை வார இறுதியில் வைப்பதும், ரிக்கற்றோடு பஸ் கட்டணத்தையும் சேர்த்து விற்பதும், வடமராட்சி லீக்குகளின் இறுதி ஆட்டங்களை நெல்லியடியிலும் பருத்தித்துறையிலும் பொழுதுபடுமுன் முடிப்பதும் அடிக்கல் எதுவும் தேவைப்படாத வேலைகள்.