தோலில் தேறும் அளவு

பதனிட்ட தோலில் வெட்டுக்கு உதவும் பரப்பை முன்கூட்டியே மதிப்பிடும் தொழில்நுணுக்கம் இது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் கூடங்களில் மொத்தச் சதுர அடியை இயந்திரம் சொல்லிவிடும். தேறுவதைக் கண்ணும் கையும்தான் சொல்ல வேண்டும்.

கல்வராயன் மலையடிவாரத்திலோ திருக்கோவிலூர்ப் பக்கத்திலோ மேய்ந்த மாட்டின் தோலில் முள் கீறல், உண்ணிக் கடி, சூட்டுத் தழும்பு பதிந்திருக்கலாம். உரிக்கும் கத்தி ஆழமாகப் பட்டிருந்தால் அது தனிச் சேதம். முதுகும் பின்பகுதியும் இறுக்கமானவை. ஷூவின் முன்பக்கத் துண்டை அங்கேதான் வெட்டுவார்கள். வயிற்றுப்பகுதி தொளதொளவென்று இழுபடும்.

இப்படி 20 சதுர அடியில் கால்பங்கு கழிந்தால் 15 மிஞ்சும். ஆனால் எவ்வளவு கழியும் என்பது வெட்டும் பொருளைப் பொறுத்தது. செருப்பு வாரைத் தழும்புக்குத் தப்பி வெட்டலாம். பெரிய பைக்கு அந்த வசதியில்லை. எனவே, என்ன பொருள் என்று கேட்காமல் சொல்லப்படும் சதவீதத்தை நம்ப வேண்டாம்.

சென்னை அடையாறில் 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையில் பயிற்சி அளிக்கிறது.