மினர்வ் கிராமத்துக் கிணறு

சரித்திரக் கதை எழுதுகிறவனுக்குக் கோட்டை கொத்தளங்களைக் கண்டால் ஒரு சபலம். சுரங்க வழி எங்கே, ஒற்றன் ஏறிய மதில் எது என்று தேட ஆரம்பித்து விடுவான். தென் பிரான்ஸில் நார்போன் நகரத்துக்கு வடமேற்கே இருக்கும் மினர்வ் என்ற கிராமத்துக்கு நானும் அந்தச் சபலத்தோடுதான் போனேன். கோட்டை என்று அங்கே மிஞ்சியிருப்பது என்ன தெரியுமா? எட்டுப்பட்டைக் கோபுரம் ஒன்றின் ஒரு துண்டுச் சுவர். ஒற்றை விரலை நீட்டினாற்போல் நிற்கிறது. ஊரார் அதைக் 'கான்டெலா' என்கிறார்கள். மெழுகுவர்த்தி என்று அர்த்தம்.

ஏமாற்றம் ஐந்து நிமிஷம்கூட நீடிக்கவில்லை. அந்த ஊருக்கு இயற்கையே மதில் கட்டியிருக்கிறது. செஸ், பிரியான் என்ற இரண்டு ஆறுகள் சுண்ணாம்புப் பாறையை ஆழமாக அறுத்துக்கொண்டு வந்து கூடுகின்றன. நடுவில் நாக்குப் போல் நீண்டு நிற்கும் பாறையின்மேல் ஊர். மூன்று பக்கமும் கிடுகிடு பள்ளம். வடக்கே மட்டும் ஓர் ஒடுங்கிய கழுத்து நிலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கழுத்தை அடைத்துக் கோட்டை கட்டிவிட்டால் எதிரி எப்படி உள்ளே வருவான்? வரவில்லைதான். ஊர் வேறு விதமாக விழுந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அந்தப் பிரதேசத்தில், உலக இன்பங்களைத் துறந்து, மாமிசம் தின்னாமல், சத்தியப் பிரமாணம்கூடச் செய்யாமல் வாழ்ந்த ஒரு கூட்டத்தார் இருந்தார்கள். ஜனங்கள் அவர்களை 'நல்ல மனிதர்கள்' என்று சொன்னார்கள். பிற்கால நூல்களில் அவர்களுக்குக் காதார்கள் என்று பெயர். தாங்களே உண்மையான கிறிஸ்தவர்கள் என்பது அவர்கள் கட்சி. போப்பாண்டவர் மூன்றாம் இன்னசென்ட் அவர்கள்மேல் சிலுவைப் போர் தொடுத்தார். 1209இல் பெஸியே நகரத்தில் பெரும் படுகொலை நடந்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் சிமோன் த மோன்ஃபோர் என்ற தளபதி மினர்வை முற்றுகையிட்டான்.

பள்ளத்தாக்குக்கு எதிர்க்கரையில் ராட்சதக் கல்லெறி இயந்திரங்களை நிறுத்தினார்கள். அவற்றுள் பெரியதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பொல்லாத பக்கத்து வீட்டுக்காரி'! யுத்த களத்திலும் மனிதனுக்கு வேடிக்கை தோன்றத்தான் செய்கிறது. ஓர் இரவு ஊரிலிருந்து சில வீரர்கள் கூடைகளில் சணல்கூளமும் காய்ந்த விறகும் கொழுப்பும் நிரப்பிக்கொண்டு வந்து, அந்த இயந்திரத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து இயந்திரக்காரர்களில் ஒருவன் இயற்கை உபாதைக்காக எழுந்து வெளியே வந்தான். அவன் போட்ட கூச்சலில் பாளையமே விழித்துத் தீயை அணைத்துவிட்டது. இதை நான் ஒரு நாவலில் எழுதியிருந்தால், நம்பும்படியாக இல்லை என்று வாசகர்கள் கடிதம் போட்டிருப்பார்கள்.

கற்கள் மதிலை மட்டும் இடிக்கவில்லை. ஊருக்குக் கீழே, பள்ளத்தின் ஓரத்தில் ஒரு கிணறு. ஊரிலிருந்து அதற்கு இறங்கிப் போக மறைப்புச் சுவர் கட்டிய வழி ஒன்று உண்டு. அந்த வழியும் கிணறும் நாசமாயின. கோடையிலோ செஸ் ஆற்றில் தண்ணீர் பூமிக்குள் மறைந்துபோய் வெறும் கூழாங்கல்தான் கிடக்கும். நான் அந்த வறண்ட படுகையில் நின்று மேலே பார்த்தேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு இங்கே இறங்கத் துணிந்தவர்களின் கதி என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர்த் தலைவன் கியோம் சமாதானம் பேச வந்தான். சரணடைந்தால் உயிர்ப்பிச்சை என்று முடிவாயிற்று. காதார்களுக்கும் உண்டு, தங்கள் மதத்தை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். படையிலிருந்த பிரபு ஒருவனுக்கு இது பிடிக்கவில்லை. பயத்தில் எல்லோரும் மதம் மாறித் தப்பிவிடுவார்களே என்று அங்கலாய்த்தான். போப்பின் பிரதிநிதியான மடாதிபதி ஆர்னோ அமல்ரிக், கவலை வேண்டாம், மாறுகிறவர்கள் வெகு சொற்பமாகவே இருப்பார்கள் என்று அவனுக்கு ஆறுதல் சொன்னார்! எதிரியை அவர் அவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

அப்படியேதான் நடந்தது. ஆண்கள் ஒரு வீட்டில் கூடியிருந்தார்கள்; உபதேசம் செய்யப் போன பாதிரியாரைப் பேசவே விடவில்லை. பெண்கள் இருந்த வீட்டில் பிடிவாதம் இன்னும் அதிகம். 1210 ஜூலை மாதம், 140 பேருக்கு மேல் ஒரே சிதையில் எரிந்தார்கள். யாரையும் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கவில்லை, அவர்களே நெருப்பில் போய் விழுந்தார்கள் என்று எழுதி வைத்திருப்பவர் யார்? படையோடு சேர்ந்த துறவி, வோ த செர்னே மடத்து பியேர். அவர்களை அடியோடு வெறுத்தவர் அவர். வேறு யார் இதைச் சொல்லியிருந்தாலும் மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்திருப்பேன்.

ஊர் மாதா கோயிலுக்குள் போனேன். 456ஆம் ஆண்டில் நார்போன் பேராயர் ருஸ்திகுஸ் செய்வித்த வெண் சலவைக்கல் பீடம் அங்கே இருக்கிறது. பழங்கால யாத்திரிகர்கள் தங்கள் பெயர்களை அதில் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். வெளியே சில அடி தூரத்தில், 1982இல் ழான்-லுக் செவராக் என்ற சிற்பி நட்ட கல். அதில் உருவம் எதுவும் இல்லை. புறா வடிவத்தில் ஒரு துளை மட்டும் குடைந்திருக்கிறார். துளை வழியாக வானம் தெரிகிறது. பீடத்தில் அத்தனை பெயர்கள். இந்தக் கல்லில் இறந்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. எழுதி வைக்க யாருக்குத்தான் தெரியும்?

பியேர் இன்னொரு விஷயமும் சொல்கிறார். படைத்தலைவர்களில் ஒருவனான புஷார் த மார்லியின் தாயார், மூன்று பெண்களை மட்டும் தீயிலிருந்து இழுத்துவிட்டாளாம். அவர்கள் மறுபடி பழைய மதத்தில் சேர்க்கப்பட்டார்கள். அப்புறம் எங்கே போனார்கள், மற்றவர்கள் எரிந்த ஊரில் எப்படி இருந்தார்கள் என்பதைப் பற்றி அவர் ஒரு வரி எழுதவில்லை. கோட்டையைத் தேடிப் போன எனக்கு, பஸ் வரும்வரை அந்த மூன்று பேர் நினைவாகவே இருந்தது.