முதுகெலும்பும் விடாத அசதியும்: ஒரு நீண்ட வரலாறு

சலூனில் முடி வெட்டி முடித்ததும் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பி ‘படக்’கென்று நெட்டி எடுத்துவிடும் வழக்கம் நம் ஊரில் பலருக்கும் தெரிந்ததுதான். இப்போது அதே சத்தம் கைப்பேசித் திரையில், வெள்ளைக் கோட்டும் தனிக் கட்டிலுமாக, ‘கைரோபிராக்டிக்’ என்ற பெயரில் வலம் வருகிறது. அந்த வீடியோக்கள் முதுகு வலியோடு நிற்பதில்லை. தூக்கமின்மை, செரிமானக் கோளாறு, மாதக்கணக்கில் விடாத அசதி என்று பட்டியல் நீள்கிறது. காய்ச்சல் போன பிறகும் உடம்பு பழையபடி ஆகவில்லை என்று சொல்பவர்கள் எந்தக் குடியிருப்பிலும் இருப்பார்கள். ‘இதையும் ஒருமுறை பார்த்துவிடலாமா?’ என்று அவர்களுக்குத் தோன்றுவது இயல்பே.

இந்தக் கேள்விக்கு விடை தேட, இரண்டு வரலாறுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று கைரோபிராக்டிக் என்ற சிகிச்சையின் வரலாறு. மற்றொன்று ‘க்ரானிக் ஃபடீக் சிண்ட்ரோம்’ எனப்படும் நாள்பட்ட சோர்வு நோயின் வரலாறு. மருத்துவ உலகம் இந்த இரண்டையுமே நெடுங்காலம் வாசலில் நிறுத்தி வைத்திருந்தது. ஆனால் இரண்டுக்கும் கிடைத்த முடிவு ஒன்றல்ல.

டேவன்போர்ட், 1895

டேனியல் டேவிட் பால்மர் கனடாவில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர் வேலை, தேனீ வளர்ப்பு, மளிகைக் கடை எனப் பலவும் பார்த்துவிட்டு, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள டேவன்போர்ட் நகரில் ‘காந்த சிகிச்சை’ செய்துவந்தார். மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். 1895 செப்டம்பர் 18 அன்று, அதே கட்டடத்தில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஹார்வி லில்லார்டின் முதுகில் விலகியிருந்த ஒரு முள்ளெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்ததாகவும், 17 ஆண்டுகளாகக் கேட்காத காது அதனால் கேட்கத் தொடங்கியதாகவும் பால்மர் எழுதினார். காதுக்கான நரம்பு முதுகு வழியாகப் போவதில்லை. மண்டையோட்டுக்குள்ளேயே நேராக மூளையைச் சேர்கிறது. ஆனாலும் ஒரு புதிய வைத்தியத்துக்கு அந்த நாளே பிறந்தநாள் ஆயிற்று.

பால்மரிடம் சிகிச்சைக்கு வந்த சாமுவேல் வீட் என்ற பாதிரியார் அதற்குக் கிரேக்கச் சொற்களிலிருந்து பெயர் அமைத்துக் கொடுத்தார். ‘கையால் செய்வது’ என்று பொருள். (தமிழில் எழுதும்போது அது ‘கை’ என்றே தொடங்குவது தற்செயல்தான்.) 1897-ல் பால்மர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். நோய்களில் நூற்றுக்கு 95 முள்ளெலும்புகள் விலகுவதால் வருபவை என்பது அவர் போதனை. அந்த விலகலுக்கு ‘சப்லக்சேஷன்’ என்று பெயர். விலகிய எலும்பு நரம்பைப் பாதிக்கிறது, அதனால் உடம்பின் இயல்பான சக்தி தடைபடுகிறது, எலும்பைச் சரிசெய்தால் சக்தி மீண்டும் பாயும் என்றார் அவர்.

1906-ல் உரிமமின்றி மருத்துவம் பார்த்ததற்காகப் பால்மர் சிறை சென்றார். அவருடைய மகன் பி.ஜே. பால்மர் பள்ளியைப் பெரிதாக வளர்த்தார். 1913-ல் கேன்சஸ் மாநிலம் கைரோபிராக்டிக்குக்கு முதன்முதலில் உரிமச் சட்டம் இயற்றியது. கடைசி மாநிலமான லூசியானா இயற்றியது 1974-ல்.

மக்கள் ஏன் அவர்களிடம் போனார்கள்? ஆன்டிபயாட்டிக் இல்லாத காலம் அது. படித்த டாக்டர்களே பாதரச மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன், நிதானமாக உட்கார்ந்து பேசி, வலிக்கும் இடத்தைத் தொட்டுப் பார்ப்பவர் நல்லவராகவே தெரிந்திருப்பார்.

நரம்புத் தளர்ச்சியில் தொடங்கிய கதை

இனி நோயின் கதை. 1869-ல் நியூயார்க் டாக்டர் ஜார்ஜ் பியர்ட், காரணம் புலப்படாத தீராத அசதிக்கு ‘நியூரஸ்தீனியா’ என்று பெயரிட்டார். நரம்பின் பலம் குன்றுவது என்று பொருள். நம் ஊர்ச் சுவர் விளம்பரங்களில் இன்றும் காணும் ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற சொல்லின் பொருளும் ஏறக்குறைய இதுவே. பரபரப்பான நவீன வாழ்க்கையில் மனிதனின் நரம்புச் சக்தி தீர்ந்துபோகிறது என்றார் பியர்ட். அதற்கு எடிசனின் மின்விளக்கையே உவமையாகக் காட்டினார்: இருக்கும் மின்சாரத்துக்கு மேல் விளக்குகளைக் கூட்டினால் எல்லாமே மங்கிவிடும்.

பியர்டும் பால்மரும் ஒரே காலத்தின் பிள்ளைகள். நரம்பு என்பது ஒரு கம்பி, அதில் சக்தி ஓடுகிறது என்ற எண்ணம் இருவருக்கும் பொது. சோர்வுக்கு முதுகெலும்பில் வைத்தியம் தேடும் பழக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

20-ஆம் நூற்றாண்டில் ‘நியூரஸ்தீனியா’ என்ற சொல் மேற்கில் வழக்கொழிந்தது. நோய் ஒழியவில்லை. 1934-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பொது மருத்துவமனையில் 198 ஊழியர்கள் போலியோ போன்ற ஒரு நோயால் படுத்தார்கள். பலருக்கு அசதி நெடுங்காலம் விடவில்லை. 1955 ஜூலையில் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் இதேபோல் ஊழியர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். நோயுற்ற ஊழியர்கள் மொத்தம் 292 பேர். மருத்துவமனையையே மூடி அக்டோபரில்தான் திறக்க முடிந்தது. அடுத்த ஆண்டு லான்செட் இதழ் ‘மயால்ஜிக் என்செஃபலோமைலைட்டிஸ்’ என்ற பெயரை முன்வைத்தது. இன்று எம்.இ. என்று சுருக்கிச் சொல்வது அதைத்தான்.

பிறகுதான் பெரிய அநீதி நடந்தது. 1970-ல் மெக்இவடி, பியர்ட் (இவர் வேறொரு பியர்ட்) என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, ராயல் ஃப்ரீயில் நடந்தது கூட்டு ஹிஸ்டீரியா என்று கட்டுரை எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் மிகுதி என்பதும் அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று. அன்றிலிருந்து பல்லாண்டுகள் இந்த நோயாளிகள் டாக்டரிடம் போனால் ‘எல்லாம் மனசுதான்’ என்ற பதிலே கிடைத்தது. 1984, 85-ல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் டாஹோ ஏரிக்கரையில் உள்ள இன்க்லைன் வில்லேஜ் என்ற ஊரில் நோய் பரவியபோது, பத்திரிகைகள் அதை வசதி படைத்த இளைஞர்களின் காய்ச்சல் என்று கேலி செய்தன.

1987-ம் 1988-ம்

இதே காலத்தில் கைரோபிராக்டிக்கின் கதையிலும் ஒரு திருப்பம் வந்தது. 1963-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் ‘போலி மருத்துவக் குழு’ என்று ஒன்றை அமைத்திருந்தது. கைரோபிராக்டர்களை ஒடுக்குவது அதன் முக்கிய வேலை. டாக்டர்கள் அவர்களோடு சேர்ந்து பணிபுரிவதே ஒழுக்கக்கேடு எனப்பட்டது. 1976-ல் செஸ்டர் வில்க் என்ற கைரோபிராக்டரும் இன்னும் சிலரும் வழக்குத் தொடுத்தார்கள். 1987-ல் நீதிபதி சூசன் கெட்சென்டானர், சங்கம் செய்தது வணிகப் போட்டிச் சட்டத்துக்கு எதிரான புறக்கணிப்பு என்று தீர்ப்பளித்தார்.

இந்தத் தீர்ப்பைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு தொழிலை வேறொரு தொழில் கூட்டுச் சேர்ந்து ஒழிக்கக்கூடாது என்றுதான் நீதிமன்றம் சொன்னது. முதுகெலும்பைச் சரிசெய்தால் நோய்கள் தீரும் என்று அது சான்று வழங்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1988-ல், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நோய்க்கு ‘க்ரானிக் ஃபடீக் சிண்ட்ரோம்’ என்ற பெயரையும் முதல் வரையறையையும் கொடுத்தது. ஆக, நோய்க்குப் பெயர் கிடைத்தது, மருந்து இல்லை. டாக்டர்களில் பலர் இன்னும் நம்பவில்லை. மறுபக்கம், சட்டத்தின் துணையோடு கதவைத் திறந்து வைத்திருந்த கைரோபிராக்டர்கள் நோயாளி சொல்வதை முழுமையாகக் கேட்டார்கள். ‘உங்கள் கஷ்டம் நிஜம், அதற்கு உடம்பில் காரணம் இருக்கிறது’ என்ற சொல்லுக்காக ஏங்கிய ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நாம் ஊகிக்கலாம்.

சோதனைகள் சொல்வது

ஆறுதல் வேறு, குணம் வேறு. அதைச் சோதித்துத்தான் பிரிக்க முடியும்.

கீழ்முதுகு வலிக்கு முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சை ஓரளவு உதவலாம். 2017-ல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டுதல், மாத்திரைக்கு முன் முயன்று பார்க்கத்தக்க பல வழிகளில் ஒன்றாக அதையும் சேர்த்திருக்கிறது. ஆனால் எல்லா நோய்க்கும் மூலம் என்று சொல்லப்பட்ட சப்லக்சேஷன் கொள்கை நிற்கவில்லை. அதுவொரு வரலாற்றுக் கருத்து மட்டுமே, நோய்களுக்குக் காரணம் என்பதற்கு ஆய்வுச் சான்று இல்லை என்று 2010-ல் பிரிட்டனின் பொதுக் கைரோபிராக்டிக் கவுன்சிலே அறிவித்தது. அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு சொன்னது என்பதால் இதற்கு எடை அதிகம். நாள்பட்ட சோர்வு நோயை கைரோபிராக்டிக் தீர்க்கும் என்று காட்டும் நம்பத்தகுந்த பெரிய சோதனை எதுவும் இல்லை. சோர்வோடு கழுத்து வலியும் முதுகு வலியும் இருப்பவருக்கு அந்த வலி சற்றுத் தணியலாம். அதற்கு மேல் வாக்களிப்பவரிடம் ஆதாரம் கேட்பதே முறை.

மருத்துவத் துறையும் இந்த நோயில் தடுமாறியிருக்கிறது. 2011-ல் லான்செட்டில் வெளியான ‘பேஸ்’ என்ற பிரிட்டிஷ் ஆய்வு, படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டினால் பலர் தேறுவார்கள் என்றது. நோயாளிகள் ஏற்கவில்லை. தரவுகளைக் கேட்டுத் தீர்ப்பாயம் வரை போனார்கள். 2016-ல் தரவு வெளிவந்து மறுபடி கணக்கிட்டபோது, தேறியவர் விகிதம் முதலில் சொன்னதைவிடப் பெரிதும் குறைந்தது. 2021-ல் பிரிட்டனின் நைஸ் நிறுவனம் அந்தப் பயிற்சி முறையைத் தன் வழிகாட்டுதலிலிருந்து நீக்கியது.

இதற்கிடையே 2015-ல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் ஆயிரக்கணக்கான ஆய்வுகளைப் படித்துவிட்டு, இது உடலைத் தாக்கும் தீவிர நோய் என்று உறுதியாகச் சொன்னது. இதன் தனி அடையாளம் ஒன்று உண்டு. சிறு வேலை செய்தாலும், சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்து உடம்பு மொத்தமாகச் சரியும்; எழுந்திருக்க நாட்கள் ஆகும். சாதாரணக் களைப்பு தூங்கினால் போய்விடும். இது தூங்கி எழுந்தாலும் போகாது.

நம் வீடுகளுக்கு இதில் என்ன இருக்கிறது?

ஆஸ்திரேலியாவின் டப்போ என்ற ஊரில் 253 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் ஓர் ஆய்வு வெளியானது. குறிப்பிட்ட மூன்று தொற்றுகளுக்குப் பின், ஆறு மாதம் கழித்தும் சுமார் நூற்றுக்கு 12 பேருக்கு முடக்கும் அசதி இருந்தது. முதலில் வந்த காய்ச்சல் எவ்வளவு கடுமையானதோ அவ்வளவு வாய்ப்பு அதிகம். மனநிலை அதற்குக் காரணமாகத் தெரியவில்லை. அந்த மூன்றில் ஒன்றான ராஸ் ரிவர் வைரஸ் கொசுவால் பரவுவது; சிக்குன்குனியா வைரஸின் உறவு. 2006-ல் தமிழ்நாட்டைச் சிக்குன்குனியா ஆட்டிப்படைத்ததை மறக்காதவர்களுக்கும், கோவிட்டுக்குப் பின் மாதக்கணக்கில் மாடிப்படி ஏற முடியாமல் இருந்தவர்களுக்கும் இந்தச் செய்தி புரியும்.

எனவே, அசதி பல வாரங்கள் நீடித்தால் முதலில் பொது மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12 குறைவு, காசநோய், தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு ஆகியவற்றில் எது இருந்தாலும் சிகிச்சை உண்டு. கைரோபிராக்டிக்கில் கழியும் மாதங்களில் இவற்றில் ஒன்று கண்டுபிடிக்கப்படாமல் போவதுதான் பெரிய நஷ்டம்.

இதெல்லாம் இல்லை, இந்த நோய்தான் என்று தெரிந்தால், இன்று பரிந்துரைக்கப்படுவது சக்தியைக் கணக்கிட்டுச் செலவழிப்பது. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஃபேனும் ஒரு விளக்கும் ஓடும். கிரைண்டரையும் போட்டால் எல்லாமே நின்றுவிடும் அல்லவா? அதுபோல, இருக்கும் சக்திக்குள் வேலையைப் பிரித்து, இடையிடையே ஓய்வெடுக்க வேண்டும்.

முதுகு வலிக்காகக் கைரோபிராக்டரிடம் போக விரும்பினால், அவர் எங்கே படித்தார் என்று கேளுங்கள். எலும்பு மெலிவு இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். கழுத்தை வேகமாகத் திருப்புவதற்கும், மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வருவதற்கும் தொடர்பு காணப்படுவதை 2014-ல் அமெரிக்க இதயச் சங்கம் சுட்டிக்காட்டியது. அது அரிதாகவே நடக்கும், காரண உறவும் நிறுவப்படவில்லை. என்றாலும் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று அச்சங்கம் கூறியது. சலூன் நாற்காலிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். சோர்வு நோய் கடுமையாக இருப்பவருக்கோ, கிளினிக் வரை போய் வரும் அலைச்சலே நாலு நாள் படுக்க வைத்துவிடும்.

கடைசியாக அக்கம்பக்கத்தாரான நமக்கு. மாதக் கூட்டத்துக்கு வராதவர், சிரமதானத்தில் பாதியில் உட்கார்ந்துவிடுபவர், நேற்று நன்றாக நடந்துவிட்டு இன்று கதவே திறக்காதவர் எல்லோரும் சோம்பேறிகள் என்று முடிவு கட்ட வேண்டாம். பார்க்க ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் உள்ளே உடம்பு ஒத்துழைக்காத நோய் இது. அவர் சொல்வதை நம்பி, கடைக்குப் போகும்போது அவருக்கும் பால் பாக்கெட் வாங்கி வந்தால் போதும். நம்மால் முடிந்த அந்த உதவிக்குப் பட்டமும் வேண்டாம், உரிமமும் வேண்டாம்.