ஆப்பும் கொட்டாப்புளியும்

காக்கநாட்டிலும் மட்டாஞ்சேரியிலும் வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் தச்சு, கொல், கன்னார், தட்டார் தொழில்களின் வழிவந்தோர் உண்டு; பொறியியல் கற்று அலுவலகங்களில் அமர்ந்திருப்போரும் உண்டு. பட்டறையில் கிடக்கும் கைக்கருவிகளைப் பின்னவர் சற்று இளக்காரமாக நோக்குவது உலக இயல்பு. நூலிழை பிசகாத நுட்பக் கருவிகள் வந்துவிட்ட பிறகு ஆப்புக்கும் கொட்டாப்புளிக்கும் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஆயினும், அக்காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய நுட்பக் கருவிகளுள் ஒன்று நம் தஞ்சைத் தரணியில் உருக்குலைந்து நின்றபோது, அதை மீட்டுக் கொடுத்தவை இவ்வெளிய பொருள்களே. அந்த வரலாற்றை ஈண்டு எழுதலாம் என்று முற்படுகிறேன்.

ஆங்கிலேய அரசரின் படையில் பணிபுரிந்த வில்லியம் லாம்டன் என்பவர், திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர், தென்னாட்டை முக்கோண முறையில் அளக்க வேண்டும் என்று திட்டம் வகுத்தார். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்துவிட்டால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிலேயே கண்டுவிடலாம். அப்பக்கங்களின் மீது மேலும் மேலும் முக்கோணங்களை எழுப்பிக்கொண்டே போகலாம். எனவே தரையில் சங்கிலி பிடித்து அளக்க வேண்டியது முதற்கோடு ஒன்றுதான். மற்றவை எல்லாம் கோணத்தின் வேலை.

அந்த முதற்கோடு 1802-ஆம் ஆண்டு ஏப்ரலில் பரங்கிமலைக்கு அருகே தொடங்கி மே மாதத்தில் அளந்து முடிக்கப்பட்டது. நீளம் சுமார் ஏழரை மைல். நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, முக்காலிகளின் மேல் ஏற்றி, திருகுகளால் உயர்த்தியும் தாழ்த்தியும் மட்டம் பார்த்து, வெயிலில் உலோகம் நீளுவதற்கும் கணக்கு வைத்துக்கொண்டு, ஏறத்தாழ 400 முறை எடுத்து வைத்தார்கள். அந்தச் சங்கிலிக்கு ஒரு பூர்வகதை உண்டு. சீனச் சக்கரவர்த்திக்கு ஆங்கிலத் தூதுக்குழு கொண்டுபோன பரிசுப் பொருள்களில் அதுவும் ஒன்று. அங்கே ஏற்கப்படாமல் திரும்பிக் கல்கத்தா வந்து, லாம்டன் கைக்குச் சேர்ந்தது.

கோணம் அளக்கும் தியோடலைட்டின் கதை இதைக் காட்டிலும் சுவையானது. இலண்டன் நகரில் கேரி என்னும் கருவி வினைஞர் செய்த அது அரை டன் எடையுள்ளது. அதன் கிடைவட்டத்தின் விட்டம் 36 அங்குலம். அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் வழியிலே பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டு சென்றனர். போர்க்காலம், திரும்பி வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அத்தீவின் பிரெஞ்சுக் கவர்னர், இது விஞ்ஞானத்துக்குரிய பொருள் என்று கண்டு, மரியாதையோடு சென்னைக்கே அனுப்பி வைத்தார். பகைவனிடமிருந்து தப்பி வந்த அக்கருவிக்கு, ஆறாண்டு கழித்து ஒரு கயிற்றால் ஆபத்து நேர்ந்தது.

சோழநாடு சமவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் தென்னையும் பனையும். குன்றுகள் உள்ள இடத்தில் ஒரு குன்றின் உச்சியிலிருந்து மறு குன்றைப் பார்த்துக் கோணம் எடுத்துவிடலாம். காவிரிக் கரையில் அது நடவாது. ஆகையால் லாம்டன் நம் கோயில் கோபுரங்களையே குன்றுகளாகக் கொண்டார். 1808-ஆம் ஆண்டு, தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் அரியணையில் இருந்த காலத்தில், இருநூறு அடிக்கு மேல் உயர்ந்த பெரிய கோயில் விமானத்தின் மீது தியோடலைட்டை ஏற்ற முற்பட்டனர். கப்பியும் கயிறும் கட்டி மேலே இழுத்துக்கொண்டிருக்கும்போது, சுவரில் மோதாதபடி விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. கருவி பெட்டியோடு வீசிச் சென்று கற்சுவரில் மோதியது. பெட்டி தாங்கவில்லை. கிடைவட்டம் நெளிந்தது, மையத்திலிருந்து செல்லும் ஆரைகள் வளைந்தன.

இதன் கேடு எத்துணைப் பெரிது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். 36 அங்குல விட்டமுள்ள வட்டத்தின் விளிம்பில், ஒரு பாகைக் கோடு தன் இடத்தைவிட்டு ஒரு தலைமயிரின் கனம், அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு, விலகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவ்வட்டத்தைக் கொண்டு இருபது மைலுக்கு அப்பாலுள்ள ஒரு கோபுரக் கலசத்தைக் குறித்தால் சுமார் 17 அடி பிசகிவிடும். ஒரு முக்கோணத்தில் நேர்ந்த பிசகு அடுத்த முக்கோணத்துக்குச் சொத்துப்போல் இறங்கும். தலைமயிருக்கே இந்த நிலை என்றால், கண்ணுக்குத் தெரியும்படி நெளிந்துபோன வட்டத்தைப் பற்றி என்ன சொல்வது! இலண்டனுக்கு எழுதி வேறொன்று வரவழைக்க, கப்பற் பயணம் மட்டுமே மாதக் கணக்கில் ஆகும். கம்பெனி அதிகாரிகளிலோ, இத்தனை பணத்தை விழுங்கும் அளவை எதற்கு என்று முணுமுணுப்போர் முன்பே இருந்தனர். லாம்டனுடைய வாழ்நாள் முயற்சியே அந்தக் கோணல் வட்டத்தில் தொங்கிற்று எனலாம்.

அவர் செய்தது இது. கருவியைக் கழற்றி ஒரு கூடாரத்துக்குள் கொண்டுபோனார். தலைமைக் கைவினைஞரைத் தவிர வேறு எவரும் நுழையலாகாது என்று கட்டளையிட்டார். பெரிய தட்டையான பலகை ஒன்றில், வட்டம் எந்த அளவில் இருக்க வேண்டுமோ அந்த அளவிலேயே ஒரு வட்டம் வெட்டச் செய்தார். நெளிந்த வட்டத்தை அதன்மேல் பொருத்தி, ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும் அங்குலம் அங்குலமாக அல்ல, மயிரிழை மயிரிழையாக இழுத்துப் பலகையின் வட்டத்தோடு ஒன்றச் செய்தார். வளைந்த ஆரைகளைச் சிறிய மரக் கொட்டாப்புளிகளால் தட்டித் தட்டிப் பழைய வடிவுக்கும் நீளத்துக்கும் கொண்டுவந்தார்கள். ஆறு வாரங்களில் வட்டம் பெரும்பாலும் முன்போலாயிற்று. இதை விரிவாக எழுதி வைத்தவர், லாம்டனிடம் உதவியாளராகச் சேர்ந்து பின்னர் அவர் பணியை ஏற்ற ஜார்ஜ் எவரெஸ்ட். இமயச் சிகரத்துக்குப் பெயர் கொடுத்தவரும் அவரே. அந்த வருணனையில் கைவினைஞரின் பெயர் ஒன்றேனும் இல்லை. இதை எண்ணும்போது எனக்கு வருத்தமே மிகுகிறது.

இரும்புச் சுத்தியல் இருக்க மரக் கொட்டாப்புளியை ஏன் எடுத்தார்கள்? நம் வீட்டுப் பெண்மணிகளே விடை சொல்வார்கள். பித்தளைக் குடம் ஒடுங்கிவிட்டால் ஒடுக்கெடுப்பவன் இரும்பால் அடிப்பதில்லை. இரும்பு பித்தளையைவிடக் கடினமானது. அடி விழுந்த இடத்தில் தகடு நசுங்கி மெலியும், மெலிந்த அளவுக்கு அகலும், நீளும். மரமோ உலோகத்தைவிட மென்மையானது. நசுங்க வேண்டியது ஏதேனும் இருந்தால் மரம் தானே நசுங்கிக்கொண்டு, உலோகத்தை நகர்த்த மட்டும் செய்யும். ஆரையின் நீளம் மாறிவிடலாகாது என்பதுதான் அங்கே முக்கியம். ஆகையால் அதற்கு உகந்த கருவி அதுவே.

ஆப்பின் குணம் வேறு. ஆப்பை அரை அங்குலம் உள்ளே தட்டினால் அது விலக்குவது அதில் மிகச் சிறு பங்கே. ஆனால் அத்துணைக்கத்துணை விசை பெருகுகிறது. தட்டிய கையை எடுத்துவிட்டாலும் உராய்வினால் ஆப்பு பின்வாங்காமல் நிற்கும். திருகும் அவ்வாறே, அது ஒரு கம்பியைச் சுற்றி ஏறும் ஆப்பு என்றே சொல்லலாம். மெல்ல நகர்த்துவது, நகர்த்திய இடத்திலேயே நிறுத்தி வைப்பது ஆகிய இரண்டும் தாம் அந்தக் கூடாரத்தில் வேண்டப்பட்டவை. பாறையில் வரிசையாகக் குழிவெட்டி ஆப்பு இறக்கிக் கருங்கல்லைப் பிளக்கும் கலை நம் கல்தச்சருக்குப் பழகியது. ராஜராஜன் எழுப்பிய கற்சுவரில் மோதிக் கெட்ட கருவியை ஆப்பே சீராக்கியது பொருத்தமான விந்தைதான்.

செப்பனிட்ட வட்டம் முன்போல் முழுதும் பிழையற்றது என்று கூறுவது மிகை. ஆனால் வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நுண்ணோக்கி வைத்துப் படித்துச் சராசரி எடுப்பது வழக்கமாதலால், எஞ்சிய கோணல் ஓரளவு ஈடாகியது. அளவை நிற்கவில்லை. 1809-இல் முக்கோணங்கள் கன்னியாகுமரிக்கு அண்மையிலுள்ள புன்னையை எட்டின. நாம் வாழும் இந்தக் கொச்சி நாட்டையும் திருவிதாங்கூரையும் 1816 முதல் 1820 வரை வார்ட், கானர் என்ற இரு படை அதிகாரிகள் விரிவாக அளந்து நூல் எழுதினர். லாம்டன் 1823-இல் ஹிங்கன்காட்டில் காலமான பின்பும் அவருடைய தியோடலைட் ஓய்வு பெறவில்லை. 1830-களில் பாரோ என்னும் கருவி வினைஞர் கல்கத்தாவில் அதைப் புதுப்பித்துக் கொடுக்க, எவரெஸ்ட் அதை வடக்கே கொண்டு சென்றார். குமரி முனையில் தொடங்கிய பெருவில் 1841-இல் இமயத்தின் அடிவாரத்தில் முடிவுற்றது.

பாரோவின் இடத்துக்குப் பின்னர் வந்தவர் நம் பக்கத்து மனிதர்: ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் ஹுசைன். சென்னையில் நகைத் தொழில் செய்வாரிடம் வேலை பார்த்தவர். கல்லூரிக் கல்வி இல்லை. அவருடைய கைத்திறனைக் கண்டு அளவைத் துறையினர் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த கருவிகளைப் பிரித்துச் சீராக்கியதோடு, பெரிய தியோடலைட்டுகளின் வட்டத்தில் பாகைக் கோடுகளைப் புதிதாகப் பிரித்து வரையும் வேலையிலும் அவர் கை இருந்தது. எவரெஸ்ட் அவரைப் பெரிதும் மதித்துப் பரிந்துரைத்தார். 1840-களில் கம்பெனியின் கணிதக் கருவி வினைஞர் என்ற பதவி அவருக்குக் கிடைத்தது. கூடாரத்தில் கொட்டாப்புளி பிடித்தவரின் பெயர் ஏட்டில் ஏறவில்லை. அரம் பிடித்த இவர் பெயர் ஏறியது.