டாங்கா சண்டையில் சென்னைப் படைகள் (1914)

டாங்கா, இன்றைய தான்சானியாவின் வடகிழக்குக் கரையிலுள்ள துறைமுக நகரம். 1914 நவம்பர் 2 முதல் 5 வரை இங்கே பிரித்தானிய இந்தியப் படை ஒன்று ஜெர்மானியரிடம் தோற்றது. பழைய சென்னை ராணுவத்தின் வழிவந்த 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் 61ஆம் பயனியர் படையும் அதில் இருந்தன.

சென்னைச் சிப்பாய்கள் போருக்குப் புதியவர்கள் அல்லர். திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை ஒடுக்க 1809இல் ஆரல்வாய்மொழி அரணைத் தாண்டித் திருவனந்தபுரம் வரை சென்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சென்னைச் சிப்பாய்களே மிகுதி. ஆனால், 1881 முதல் 1885 வரை சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தியர் போருக்கு ஆகாதவர் என்று உறுதியாக நம்பினார். சில இனத்தவரே போருக்கு உகந்தவர் என்ற 'போர்க்குடி'க் கொள்கை வேரூன்றியபின் ஆளெடுப்பு வடக்கே நகர்ந்தது. சென்னைப் படைகள் பெரும்பாலும் பாசறைக் காவலிலேயே காலம் கழித்தன.

1914இல் இந்தியா ஒரே நேரத்தில் பிரான்சு, மெசபடோமியா, எகிப்து, கிழக்கு ஆப்பிரிக்கா என நாலா பக்கமும் ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. தேர்ந்த லாகூர், மீரட் டிவிஷன்கள் பிரான்சுக்குப் போயின. எஞ்சியவற்றைச் சேர்த்துக்கட்டி, ஏறத்தாழ 8,000 பேருடன் ஜெனரல் எய்ட்கன் தலைமையில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கான 'பி' படை அமைந்தது. சமஸ்தானத் துருப்புகளும் அதில் உண்டு. சேர்ந்து பயிற்சி பெறாத அணிகள் இவை. சிலவற்றுக்குப் புதிய துப்பாக்கி கைக்கு வந்ததே கப்பலேறும் தறுவாயில்தான். அக்டோபர் 16இல் பம்பாயை விட்டவர்கள், நெருக்கடியான கப்பல்களில் இரண்டு வாரத்துக்கும் மேலாக வாடி, ஓய்வின்றிக் கரையிறங்கினார்கள்.

பயனியர்களும் காலாட்பயிற்சி பெற்றவர்களே. ஆனாலும் பாதை வெட்டுவதும் பாலம் கட்டுவதும்தான் அவர்கள் தொழில். அவர்களையே 13ஆம் ராஜபுத்திரருடன் நவம்பர் 3 விடியலில் முதல் தாக்குதலுக்கு அனுப்பினார்கள். அதற்குள் எதிர்ப்படைத் தளபதி லெட்டோ-வோர்பெக் உள்நாட்டிலுள்ள மோஷியிலிருந்து ரயிலில் துருப்புகளை அனுப்பியிருந்தார். அத்தாக்குதல் முறிந்தது. மறுநாள் புதர்க்காட்டில் இயந்திரத் துப்பாக்கிச் சூட்டில் பாளையங்கோட்டைப் படை சிதறி ஓடியது. கலைந்த தேன்கூடுகளிலிருந்து கிளம்பிய தேனீக்கள் இந்தியப் படையின் 98ஆம் காலாட்படையைக் கொட்டித் துரத்தின. நகருக்குள் நுழைந்த லங்காஷயர் படையும் காஷ்மீர்த் துருப்பும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. எதிர்த்தரப்பில் இருந்தவர்கள் சுமார் 1,000 பேரே. நவம்பர் 5இல் இயந்திரத் துப்பாக்கிகளையும் லட்சக்கணக்கான தோட்டாக்களையும் கரையிலேயே விட்டுவிட்டு எஞ்சியவர்கள் கப்பலேறினார்கள். இந்தியப் படைத் தரப்பில் ஏறக்குறைய 360 பேர் மாண்டனர்.

சிப்பாய்கள் ஓடியது உண்மை. ஆனால் வேவு பார்க்காமல் படையை இறக்கியது அவர்கள் அல்லர்; தாக்கப்போவதாக நகருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுத்ததும் அவர்கள் அல்லர். அந்த முடிவுகள் எல்லாம் மேலே எடுக்கப்பட்டவை. எய்ட்கன் பதவி இறக்கப்பட்டார். தோல்விச் செய்தி பல மாதம் பிரித்தானிய மக்களிடமிருந்து மறைக்கப்பட்டது. பழியோ தெற்கத்திச் சிப்பாயின்மேல் தங்கிவிட்டது.

போருக்குப் பின் பாளையங்கோட்டைப் படை கலைக்கப்பட்டது. சென்னையின் கடைசிக் காலாட்படை அணியும் 1928க்குள் மறைந்தது. இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது, போருக்கு ஆகாதவர் என ஒதுக்கிய அதே மக்களிடமிருந்து சென்னை ரெஜிமென்டை மீண்டும் எழுப்பினார்கள்.